ஆடுகிற ஓரக்கட்டை

— கையை எடு வெண்டெல். அந்த ஓரத்துக்கு அடியில என்ன ஒட்டியிருக்குன்னு பாத்துட்டுத்தான் கையை வெச்சியா?

— பபிள்கம்தானே அக்கா. கைதிங்க மென்னுட்டு ஒட்டுவானுங்க.

— பபிள்கம் மட்டுமா? இந்த டார்ச்சைப் பிடி. குனி. இன்னும் குனி, கேப்டன் உடுப்பு ஒண்ணும் கசங்கிடாது. பொகையிலையை மென்னு துப்பினது, மூக்கைச் சிந்தித் தடவினது, நகத்தைக் கடிச்சுச் செருகினது... இந்தா, இது என்ன தெரியுதா? பல்லு.

— எலிப் பல்லா இருக்கும்.

— ஏம்ப்பா, எலி எந்த டாக்டர்கிட்டப் போயி சொத்தையை அடைச்சுக்கிட்டு வந்துது? மனுஷப் பல்லுடா. த்தூ. கண்றாவி. பார்ல வாந்தி எடுத்த மேஜையெல்லாம் கழுவிப் பிரிச்சுப் போட்டிருக்கேன். உன் ஜெயில் மேஜையைத் தொட்ட கையால இனி ரொட்டி மாவு பிசைய முடியாது போல.

— அதனாலதானே உங்களைக் கூப்பிட்டேன். இந்த ஜில்லாவுல பில்லியர்ட்ஸ் மேஜைன்னா ஆர்டிஸ் அக்காவை விட்டா யாரு? சீக்கிரம் முடிச்சுக் குடுங்க. திங்கக்கிழமை மாநிலத்துலேருந்து விசாரணைக்கு ஆளுங்க வர்றாங்க.

— செத்த கைதியைப் பத்தித்தானே விசாரணை? அதுக்கு மேஜையை எதுக்கு ரிப்பேர் பண்றே?

— ஒரு முறைன்னு இருக்கு இல்ல அக்கா. வர்றவங்க இந்த ஹாலுக்குத்தான் மொதல்ல வருவாங்க. ஓரக்கட்டை பல்லு மாதிரி ஆடிக்கிட்டிருந்தா என்ன நெனைப்பாங்க? அதோ, அந்த ஜன்னல் பக்கத்துக் கட்டைதான் ஆடுது. அதை மட்டும் பாத்தாப் போதும்.

— அதை மட்டும் பாக்கற பழக்கம் எனக்குக் கெடையாது. ஒரு கட்டை ஆடுதுன்னா சுத்தி இருக்கற ஆறு கட்டையையும் பாக்கணும். இந்தப் பக்கத்துலேருந்து ஆரம்பிக்கறேன்.

— அக்கா, சாயங்காலத்துக்குள்ள...

— அவசரமா இருந்தா நீயே பண்ணிக்கோ. பண்ணிப் பாத்துட்டுத்தானே என்னைக் கூப்பிட்டே? போல்டை மறைக்கற இந்த மூடியைப் பாரு. எவ்வளவு அழகா பூ மாதிரி செதுக்கியிருக்கான் அந்தக் காலத்துக்காரன். இதை எவனோ ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பிப் பாதியைப் பேத்திருக்கான். ஒடைஞ்ச எடம் இன்னும் வெள்ளையா இருக்கு. இந்த வாரத்து வேலை.

— எங்க ஆளு ஒருத்தன் பாத்தான். உள்ள இருக்கற போல்டு அசையவே இல்லேன்னான்.

— எப்படி அசையும்? தலையில ரெண்டு ஓட்டை இருக்கு பாரு, அதுக்குன்னு பல்லு வெச்ச சாவி வேணும். உன் ஆளு உளியை வெச்சு அடிச்சிருக்கான். தலையே சிதைஞ்சு கிடக்கு. மாட்டுக்கு லாடம் அடிக்கறவன்கூடக் கொஞ்சம் கருணையா அடிப்பான்.

— கைதிங்க கழட்ட முடியாதா அப்ப? ஸ்பூன் கீன் வெச்சு...

— ஏன் கேக்கறே?

— சும்மாதான்.

— நீ சும்மா கேக்கற ஆள் இல்ல. தள்ளி நில்லு, வெளிச்சம் மறைக்குது. பாரு, மத்த மூடி மேல எல்லாம் சாம்பல் பெயிண்டை அப்பிட்டீங்க. ரயில்வே தொழிலாளர் சங்கத்து மண்டபத்துல ராஜா மாதிரி இருந்த மேஜைடா இது. வால்நட் மரம். செவுத்துக்கு அடிச்ச மிச்சத்தை இது மேல பூசியிருக்கீங்க. யாரு குடுத்த யோசனை?

— பழைய வார்டன். மூணு வருஷம் இருக்கும்.

— கத்தியால பெயிண்டைக் கீறினாத்தான் மூடி வருது. அப்படி ஒட்டிக் கிடக்கு. வா... வாடி... ம். இருக்கு.

— என்ன இருக்கு?

— போல்டு. உள்ள இருக்கு. துரு ஏறி, அழுக்கு அப்பி, கெட்டியா உக்காந்திருக்கு. அடுத்தது. இதுலயும் பெயிண்ட் கீறலே இல்ல. இதுவும் இருக்கு. சனியன்.

— இருந்தா நல்லதுதானே அக்கா? திட்டறீங்களே?

— என் வாய், நான் திட்டறேன். உனக்கென்ன?

— சரி சரி.

— இங்க வா. இதைப் பாரு. இந்த மூலையில மரை போயிடுச்சுன்னு எவனோ போல்டைச் சுத்திக் காருக்குப் பூசற பட்டியை உள்ள திணிச்சு வெச்சிருக்கான். பட்டி! துணிக்கு அடியில இருக்கற கல்லுக்குள்ள குழி வெட்டி, நட்டை எறக்கி, ஈயத்தைக் காய்ச்சி ஊத்திப் பதிச்சிருக்கான் செஞ்சவன். நூறு வருஷம் பிடிச்சுக்கிட்டிருந்தது. இவன் பட்டியைப் பூசிட்டு, கதவுக்கு அடிக்கற திருகாணியை மேலேருந்து குத்தி எறக்கியிருக்கான். ரப்பர் ரெண்டாக் கிழிஞ்சு போச்சு. பந்து இங்க மோதினா செத்த எலி மாதிரி விழும்.

— மேல பாத்தா ஒண்ணும் தெரியலையே.

— தெரியாது. அதுக்குத்தானே பூசறது. உள்ள அழுகினாலும் மேல வழவழன்னு இருக்கணும். இந்த ஊர்ல பாதிப்பேருக்கு அதான் வேலை. கண்றாவி.

— உங்க வாய்க்குப் பயந்துதான் அக்கா சர்ச்சுல உங்க பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்கறாங்க.

— உக்காராம இருக்கறது அவங்களுக்கு நல்லது. அந்த ஐரா பையன் எந்த ஊரு?

— யாரு?

— செத்துப் போனவன். பேப்பர்ல பேரு போட்டிருந்தான். ஐரா பென்.

— ஓ, அவனா. ஆத்துக்கு அந்தாண்டை. தானியக் கிடங்குல தாமிரக் கம்பியைத் திருடினவன். இருபத்திரெண்டு வயசு, ஆனா கண்ணுல திமிரு. அவனுக்கு எதுக்கு அக்கா நீங்க பரிதாபப்படணும்?

— நான் பரிதாபப்பட்டேன்னு எப்பச் சொன்னேன்? கேட்டேன். எப்படி நடந்துது?

— பேப்பர்ல வந்ததுதான். ஆட்டம் முடிஞ்சு செல்லுக்குப் போற நேரம். ஆபீசர் ஒருத்தன் கூப்பிட வந்தான். இவன் இந்த மேஜையிலேருந்து ஒரு போல்டைக் கழட்டி, கூராக்கி, சட்டைக்குள்ள வெச்சிருந்திருக்கான். பாஞ்சான். ஆபீசர் தன்னைக் காப்பாத்திக்க ஒரு அடி அடிச்சான். விழுந்தவன் தலை பட்டுடுச்சு. அவ்வளவுதான். ஒரு முறைன்னு இருக்கு, அதுப்படிதான் எல்லாம் நடந்துது.

— இந்த மேஜையிலேருந்தா?

— இந்த மேஜையிலேருந்துதான். வேற எது இங்க இருக்கு?

— இந்தப் பக்கம் ரெண்டு கட்டையிலயும் ஆறு போல்டும் இருக்கு. அந்தப் பக்கம் உன் ஆளு உளியால கொத்தினதையும் சேத்து மூணும் இருக்கு. இப்ப கோடிக் கட்டை. பெயிண்ட்... கீறல் இல்ல. இருக்கு. இதுவும் இருக்கு. இதுவும்.

— ஏதோ ஒண்ணுல இருக்காது அக்கா. பாருங்க.

— பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்! கழுத்துல வந்து மூச்சு விடாதே, வெங்காய நாத்தம். எந்த போல்டுன்னு நீ பாத்தியா?

— என்கிட்டதான் இருக்கு. விசாரணைக்குக் குடுக்கணும்னு உறையில போட்டு வெச்சிருக்கேன். இந்தாங்க, பிரிக்காம பாருங்க.

— ம்... குடு இப்படி. ஜன்னல் பக்கம் வா.

— என்ன அக்கா?

— இது அறுகோணத் தலை. கடையில டப்பா டப்பாவா விக்கற புது போல்டு. இந்த மேஜை போல்டுக்குத் தலை உருண்டை, நடுவுல ரெண்டு ஓட்டை. நீயே இப்பப் பாத்தியே.

— எல்லாமே ஒரே மாதிரியா இருக்கும்? நடுவுல யாராவது மாத்தியிருக்கலாம்.

— சரி, மாத்தியிருக்கலாம். முனையைப் பாரு. எப்படிக் கூராக்கினானாம்?

— சிமெண்டுத் தரையில தேய்ச்சுத்தான். எல்லாக் கைதியும் அப்படித்தானே பண்ணுவான்.

— தரையில தேய்ச்சா கோணலும் மாணலுமா, ஒரு பக்கம் மழுங்கி இருக்கும். இது சாணை மெஷின்ல பிடிச்சது. கோடு எல்லாம் ஒரே சீராப் போகுது பாரு. முனையில நீலம் பாரிச்சிருக்கு, சூடு ஏறினதால. உன் கைதிங்களுக்கு செல்லுக்கு ஒரு சாணை மெஷின் குடுத்திருக்கியா?

— நீங்க மேஜை ரிப்பேர் பண்ண வந்தீங்க அக்கா.

— இதை எடுத்தது யாரு?

— அந்த ஆபீசரே எடுத்துக் குடுத்தான். கீழ கிடந்துதுன்னு.

— அவனேவா? அவன் கையாலயா குடுத்தான்?

— ஆமா. என் மேஜை மேல வெச்சான். ஏன்?

— ஒண்ணுமில்ல. எடுத்துக்கிட்டுப் போ இதை. என் கண்ணு முன்னாடி நீட்டாதே.

— ஒரு காபி குடிங்க, சரியாயிடும். ஓட்டிஸ்! எங்கடா போனே? காபியை அந்த பெஞ்சு மேல வை. எனக்கு போன் வந்திருக்காம், போய்ட்டு வந்துடறேன். அதுவரைக்கும் அக்காவுக்குக் கட்டையைப் பிடி. அனாவசியப் பேச்சு வேண்டாம், புரியுதா?

— சரிங்க கேப்டன்.

— வாப்பா ஓட்டிஸ். ஜன்னல் பக்கத்துக் கட்டை, இதைத்தான் கழட்டப் போறேன். அந்த முனையில பிடி. மூலையில பந்து விழற தோல் பையைத் தாங்கற இரும்பு வளைவு இருக்கு, கையைக் கிழிச்சிடும், பாத்து.

— பழக்கம்தாம்மா. மத்தியானம் வரைக்கும் அவரைக்காய் டின்னா வெட்டித் திறக்கறேன், அதைவிடவா கிழிச்சிடும்.

— இந்தக் கட்டையிலயும் போல்டு மூணும் இருக்கு. ஆனா நடுவுல உள்ளது வளைஞ்சிருக்கு. மரம் பொளந்து போல்டை விட்டு வெளிய வந்திருக்கு. இப்படி எப்படி ஆகும்? ஆளு ஏறி உக்காந்தாக்கூட இப்படி ஆகாதே.

— எனக்கென்னம்மா தெரியும்.

— ப்ளீச் நாத்தம் இங்கதான் அதிகமா அடிக்குது. துணியைத் தேய்ச்சுத் தேய்ச்சு நூல் தெரியுது. தூக்கு. மெதுவா.

— அம்மா, அதுக்கு அடியில பாக்காதீங்க.

— பாக்கத்தானே வந்திருக்கேன். தூக்கு... கடவுளே.

— நான்தாம்மா தேய்ச்சேன். தேய்க்கச் சொன்னாங்க. மேல எல்லாம் போயிடுச்சு. கட்டைக்கும் கல்லுக்கும் நடுவுல எறங்கினதுக்கு என் கை போகலை.

— காய்ஞ்சு கெட்டியாயிடுச்சு. இந்த இரும்பு வளைவுல முடி சிக்கியிருக்கு. தோலோட.

— உக்காருங்கம்மா. காபி குடிங்க.

— காபியைத் தூக்கி வெளிய ஊத்து. ஓட்டிஸ், இது தேய்க்க மட்டும் வந்தவன் மூஞ்சி இல்ல. நீ அன்னிக்கு இங்க இருந்தே.

— எனக்கென்னம்மா தெரியும். நான் சமையல்கட்டு ஆளு.

— நான் யார்கிட்டயும் உன் பேரைச் சொல்ல மாட்டேன்.

— ...நானும் அவனும்தாம்மா ஆடிக்கிட்டிருந்தோம். என்கூட ஆட வேற யாரும் வரமாட்டாங்க, கெழவன்னு. அவன் வருவான். மணி அடிச்சாச்சு. ஒரே ஒரு பந்து பாக்கி. கறுப்புப் பந்து. அந்த ஆபீசர் வந்து, “போதும் நட”ன்னாரு. இவன், “இதை மட்டும் போட்டுட்டு வந்துடறேன் சார்”னான்.

— திமிராவா சொன்னான்?

— சிரிச்சுக்கிட்டே சொன்னாம்மா. அதுதான் பிடிக்கலை போல இருக்கு.

— பந்து தள்ற கோலால அடிக்க வந்தானா?

— ரெண்டாந்தடவை சொன்ன உடனே கோலைக் கீழ வெச்சுட்டாம்மா. சத்தியமாச் சொல்றேன்.

— கையில வேற என்ன இருந்துது? நல்லா யோசிச்சுச் சொல்லு. எனக்கு இது தெரிஞ்சாகணும். இரும்பா ஏதாவது? போல்டு மாதிரி?

— சாக்பீஸ் கட்டிம்மா. கோல் முனையில தேய்க்கற நீலக்கட்டி. அதைத்தான் வெச்சிருந்தான். விழுந்த பொறகும் அதை விடலை. விரலைப் பிரிச்சுத்தான் எடுத்தாங்க. உள்ளங்கை பூரா நீலமா இருந்துது.

— போல்டு இல்லை?

— இல்லம்மா.

— நீ பாக்காத நேரத்துல...

— இல்லம்மா. என்னைச் செவுத்தைப் பாத்து நிக்கச் சொன்னது அதுக்கு அப்புறம்தான். அப்புறம் சத்தம்தான் கேட்டுச்சு. மரத்துல மோதற சத்தம். இந்தக் கட்டைதான். ஒரு தடவை இல்ல. நான் எண்ணலை. காதைப் பொத்திக்கிட்டேன்.

— இதை விசாரணையில சொல்லுவியா?

— திருடன் பேச்சை எவன் கேப்பான்? அவங்க காரேறிப் போயிடுவாங்க. நான் இங்கதானே படுக்கணும். அந்த ஆபீசர் பேரு மட்டும் என்கிட்ட கேட்டுடாதீங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

— நான் பேரைக் கேக்கலை.

— கேப்டன் வர்றாரு.

— போ. கட்டையை அப்படியே மேஜைக் கால் மேல சாத்திட்டுப் போ.

— என்ன அக்கா, முடிஞ்சுதா? ஓட்டிஸ், நீ கெளம்பு, கதவைச் சாத்திக்கிட்டுப் போ. அட, கட்டையவே பிரிச்சுட்டீங்களா?

— ஆடற கட்டையைப் பிரிக்காம எப்படிப் பாக்கறது? வா. உன் டார்ச்சையும் எடுத்துக்கிட்டு வா. இதைப் பாரு. மூஞ்சியை ஏன் திருப்பறே? இதுதான் உன் முறையா? ஒரு அடி, விழுந்தான், தலை பட்டுடுச்சுன்னியே. விழுந்த தலை இரும்பு போல்டை வளைக்குமா? ஒரு பையன் தலையைப் பிடிச்சு, திரும்பத் திரும்ப... நாயைக்கூட இப்படி எவனும் அடிக்க மாட்டான்டா.

— மெதுவாப் பேசுங்க. நடந்தது நடந்துபோச்சு. ஆபீசர் கொஞ்சம் நிதானம் தவறிட்டான். வேலையில அது வரும். நீங்க இந்தக் கட்டடத்துல ஒரு நாள் வேலை பாத்தா உங்களுக்கும் வரும்.

— எனக்கு இங்க வந்து ஒரு மணி நேரத்துல வாந்திதான் வருது.

— அக்கா, உக்காருங்க. நான் வெளிப்படையாப் பேசிடறேன். நீங்க எல்லா மூடியும் திறந்தாச்சா?

— இன்னும் ஒரு கட்டை பாக்கி. ரோட்டுப் பக்கத்துக் கட்டை.

— அது போதும். அதுல ஒரு போல்டைக் கழட்டிடுங்க. ஒண்ணே ஒண்ணு. அந்த ஓட்டை காலியா இருக்கட்டும். திங்கக்கிழமை அவங்க கேட்டா, “நான் வந்து பாத்தப்பவே அங்க போல்டு இல்லை”ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா இந்த ஜில்லாவுல மறுபேச்சு கிடையாது. இந்தக் கட்டைக்கு அடியில இருக்கறதை நீங்களே சுத்தமாச் சொரண்டி எடுத்துடுங்க. அவ்வளவுதான் வேலை.

— அதுக்குத்தான் என்னை வரவெச்சியா?

— வேற யாரைக் கூப்பிட முடியும்?

— இரு. மொதல்ல இந்தக் கடைசிக் கட்டையைத் திறக்கறேன்.

— இப்ப எதுக்கு? எப்படியும் ஒண்ணைக் கழட்டத்தானே போறீங்க...

— வாயை மூடிக்கிட்டு டார்ச்சைப் பிடி. ...பெயிண்ட் கீறல் இல்ல. இருக்கு. அடுத்தது... இருக்கு. கடைசி. இது கொஞ்சம் லூசா வர்ற மாதிரி... இல்ல. இருக்கு. இதுலயும் இருக்கு.

— எதுக்கு அக்கா உக்காந்துட்டீங்க? தலை சுத்துதா?

— அழுக்குக் கையால என்னைத் தொடாதே.

— என் கை சுத்தமாத்தான் இருக்கு.

— அப்படியா? நல்லாப் பாத்துக்கோ. கேளு வெண்டெல். நீ இதுலேருந்து ஒரு போல்டைக் கழட்டினா, உள்ள இருக்கற ஓட்டை புதுக்காசு மாதிரி மின்னும். காத்தே படாத மரை அது. வெளிய அத்தனை வருஷத்துத் துரு, அதுக்கு மேல மூணு வருஷத்துப் பெயிண்ட். இன்னிக்குக் கழட்டினதுன்னு கண்ணு தெரிஞ்ச எவனும் சொல்லிடுவான்.

— அழுக்கைக் கரைச்சு உள்ள பூசுங்க. பெயிண்டை இழைச்சு விடுங்க. உங்களுக்குத் தெரியாத வித்தையா?

— த்தூ! அந்த ஓட்டையில பட்டி அடைச்சவனை இவ்வளவு நேரம் திட்டிக்கிட்டிருந்தேன் பாரு, அவன் காலைத் தொட்டுக் கும்பிடணும். அவன் மரத்தைத்தான் ஏமாத்தினான். நீ பொணத்து மேல பட்டி பூசச் சொல்றே.

— உணர்ச்சிவசப்படாதீங்க. செத்தவன் திருடன்.

— திருடினதுக்குக் கோர்ட்டு தண்டனை குடுத்தாச்சு. சிரிச்சதுக்கு நீங்க குடுத்தீங்க.

— சிரிச்சான்னு யாரு சொன்னா உங்களுக்கு? ஓட்டிஸா?

— இந்தக் கட்டை சொல்லுச்சு. நகரு, நான் கெளம்பறேன். சாமானை எடுத்து வைக்கணும். திங்கக்கிழமை வர்றவங்ககிட்ட நானே போய் நிப்பேன். ஒரு போல்டும் குறையலை, உன் ஆளு பேத்ததைத் தவிர ஒரு மூடியையும் எவனும் திறந்ததில்ல, இந்தக் கட்டைக்கு அடியில பாருங்கன்னு சொல்லிட்டுத்தான் வருவேன்.

— அப்படிச் செஞ்சா அந்த ஆபீசர் கதி என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? சின்னப் பையன் அக்கா அவனும். ஜெயில் ஆபீசரா இருந்தவன் ஜெயிலுக்குக் கைதியாப் போனா, உள்ள இருக்கறவனுங்க அவனை என்ன பண்ணுவானுங்க தெரியுமா? ஒரு வாரம் தாங்க மாட்டான்.

— தெரியும்.

— தெரிஞ்சுமா சொல்றீங்க?

— வழியை விடு வெண்டெல்.

— விட மாட்டேன். இதைச் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். நீங்களா ஒத்துக்கிட்டா சொல்லாமலேயே முடிச்சிடலாம்னு பாத்தேன். பேப்பர்ல இன்னும் பேரு போடலை, வெளிய யாருக்கும் தெரியாது. அந்த ஆபீசர்... அக்கா, அது நம்ம கர்ட். உங்க புள்ள அக்கா. உங்க கர்ட். அதனாலதான் உங்களைக் கூப்பிட்டேன். வேற எந்த மெக்கானிக்கும் இதைச் செய்ய மாட்டான், பெத்தவ செய்வான்னு நெனச்சேன். நீங்க வந்ததுலேருந்து, இங்க வேலை பாக்கற புள்ளையைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலையேன்னு எனக்கும் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. இப்பச் சொல்லுங்க. எந்த போல்டைக் கழட்டலாம்?

— எதையும் கழட்ட வேண்டாம்.

— காதுல விழுந்துதா இல்லையா? கர்ட்!

— விழுந்துது. எனக்குத் தெரியும். அன்னிக்கே வீட்டுக்கு வந்து சொன்னான். பூட்சைக்கூடக் கழட்டாம சமையல்கட்டுல உக்காந்துக்கிட்டு, “அம்மா, அவன் மேஜை போல்டைக் கழட்டி வெச்சிருந்தாம்மா, என்னைக் குத்த வந்தாம்மா”ன்னான். சூப்பைச் சூடு பண்ணி வெச்சேன். குடிச்சான். நான் அவன் தலையைத் தடவிக் குடுத்தேன்.

— தெரிஞ்சேதான் வந்தீங்களா? தெரிஞ்சுமா அவங்ககிட்ட சொல்லப் போறீங்க?

— சொல்லுவேன்.

— அப்புறம் எதுக்கு அக்கா இவ்வளவு நேரம் ஒவ்வொரு மூடியா நோண்டிக்கிட்டிருந்தீங்க? எதுக்கு இங்க வந்தீங்க?

— இத்தனை ஓட்டையில ஒண்ணே ஒண்ணு காலியா இருந்திருந்தாப் போதுமேடா வெண்டெல்... அதைத் தேடித்தான்டா வந்தேன்.